பச்சையிலிருந்து சிவப்புக்கு

ஜூலை 8, திங்கள்
மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வாசிப்புப் படிகளாகப் பிரித்து முடித்தாயிற்று. புத்தக முதுகில் வண்ணக் காகிதம் ஒட்டி ஒட்டி விரலெல்லாம் பசை. பக்கத்துக்கு ஒரு வரி என்றால் சிவப்பு, குட்டிக் கதை மஞ்சள், பத்தி பத்தியாக ஓடினால் பச்சை.

ஒவ்வொருவராக மேசைக்குக் கூப்பிட்டு ஒரு பத்தியை உரக்க வாசிக்கச் சொன்னேன். வருகைப் பட்டியலில் வாயாடிதான் கடைசி; ஓயாத பேச்சுக்காக நான் வைத்த பேர். நிறுத்தாமல் கடகடவென்று வாசித்துத் தள்ளிவிட்டாள். பச்சை கொடுத்தேன். அவள் அம்மா, தையல்காரம்மா, வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு எழுத்தே தெரியாது டீச்சர். இவளாவது..." என்றார்.

ஜூலை 11, வியாழன்
பச்சை எத்தனை, மஞ்சள் எத்தனை என்று தலைமையாசிரியை கேட்கிறார். காய்கறிக் கடையா வைத்திருக்கிறேன்?

ஜூலை 19, வெள்ளி


வாயாடி பச்சைப் புத்தகம் வாசிக்க, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். நடுவில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருந்தது, என் பசைதான். அவள் அதைப் பிரிக்கவே இல்லை. ஆனால் உள்ளே மாட்டிக்கொண்ட பக்கத்தில் இருந்ததையும் வரி பிசகாமல் சொல்கிறாள்!

சிவப்பில் ஒன்றை எடுத்து நீட்டினேன். முதல் வரியிலேயே வாய் மூடிக்கொண்டது. அவள் வாய் மூடி நான் பார்த்ததே இல்லை.

"யாராச்சும் ஒருதடவை வாசிச்சாப் போதும் டீச்சர், நான் அப்படியே சொல்லிடுவேன்" என்றாள், மெதுவாக. பச்சைப் புத்தகத்தைப் பக்கத்து இருக்கைக்காரி தன் பிரதியிலிருந்து வாசித்துக் காட்டினாளாம்.

அட என் புத்தியே! வகுப்பு மொத்தத்துக்கும் அதே பத்தி. எல்லாரும் கேட்க, உரக்க. கடைசி ஆள் வருவதற்குள் சுவருக்கே மனப்பாடம் ஆகியிருக்குமே. இத்தனை வருஷம் பாடம் நடத்தி என்னத்தைக் கிழிச்சே நீ?

ஜூலை 20, சனி
வீட்டுக்காரர் சொல்கிறார்: "விட்டுடேன். இறக்கினா புள்ள மனசு ஒடிஞ்சிடும்."

விடலாம்தான். அடுத்த வருஷம் அறிவியல் பாடத்தை யார் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவார்கள்? அதற்கடுத்த வருஷம்? தோசைக்கல்லைத் தேய்க்கப் போய்விட்டார்.

ஜூலை 22, திங்கள்
சிவப்பு கொடுத்தேன். அழவில்லை. முதுகு தெரியாமல் கையால் மூடி, பைக்குள் திணித்தாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள் என்னிடம்.

சாயங்காலம் தையல்காரம்மா வந்தார். "பச்சைன்னு தெரு முழுக்கச் சொல்லிட்டேனே டீச்சர். என் புள்ள என்ன தப்பு பண்ணுச்சு?"

"அவ ஒண்ணும் பண்ணலம்மா. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

என் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கிப் போனார். அடி வாங்கியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

ஜூலை 30, செவ்வாய்
எல்லாப் புத்தக முதுகிலிருந்தும் வண்ணத்தைக் கிழித்தேன். இனி பின்னட்டைக்குள் சின்னதாக ஒரு பென்சில் புள்ளி. எனக்குத் தெரிந்தால் போதும். பிள்ளைகளைத் தனித்தனியாக வராந்தாவுக்குக் கூட்டிப்போய், ஆளுக்கொரு புதுப் பத்தி கொடுத்து மறுபடி பார்த்தேன். இன்னும் இரண்டு பேர் அகப்பட்டார்கள்.

"ஒட்டினதும் நீங்க, பிச்சதும் நீங்க!" - தலைமையாசிரியை. வாஸ்தவம்தான்.

ஆகஸ்ட் 14, புதன்
"மழை வந்தது." இரண்டே சொல். வாயாடி எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. ஆனால் முடித்தாள். யாரும் சொல்லித் தராமல்.

செப்டம்பர் 5, வியாழன்
தையல்காரம்மா மறுபடி. இந்தத் தடவை சண்டைக்கே வந்துவிட்டார். "முன்ன தண்ணி பட்ட பாடா வாசிப்பா. இப்ப ஒவ்வொரு சொல்லுக்கும் திக்கித் திக்கி நிக்கிறா. என்ன டீச்சர் பண்ணி வச்சிருக்கீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது தப்பு. "அப்போ அவ வாசிக்கலம்மா, ஒப்பிச்சா. இப்பதான் வாசிக்கிறா" என்றேன். "என்னமோ போங்க" என்று எழுந்து போனார். நம்பவில்லை. நானே முழுசாக நம்புகிறேனா?

அக்டோபர் 3, வியாழன்
மஞ்சள் படியில் புதிதாக வந்த பூனைக் கதையைக் கொடுத்தேன். வகுப்பில் யாரும் இன்னும் தொடாத புத்தகம். பூனை கூரைமேல் ஏறிவிட்டது, இறங்கத் தெரியவில்லை. அந்த இடத்தில் ஒரு நீளமான சொல். வாயாடி விரலை வைத்தாள், பாதி போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். எனக்குத்தான் பொறுமை ஏது?

"சரி விடு, அப்புறம் அந்தப் பூனை என்ன பண்ணுச்சுன்னா..." என்று ஆரம்பித்தேன்.

எட்டி என் வாயைப் பொத்திவிட்டாள். டீச்சர் என்ற பயமெல்லாம் கிடையாது.

"சொல்லாதீங்க டீச்சர்! சொன்னா எனக்கு மனப்பாடம் ஆயிடும். நானே வாசிச்சுத் தெரிஞ்சிக்கிறேன்."

மணி அடித்து எல்லாரும் ஓடிவிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.