நான் சொல்லாத சம்மதம்

ஞாயிற்றுக்கிழமை, இரவு

காலையில் எழுந்ததும் முதலில் கணவரிடமிருந்து என் கைப்பேசியை வாங்கினேன். வெள்ளி மாலை சூரியன் மறையும் முன் அதை அவரிடம் கொடுத்துவிடுவது வழக்கம். மாவட்ட மன்ற உறுப்பினர் ஆன பிறகும் எங்கள் கிறிஸ்தவ சபையின் சனிக்கிழமை ஓய்வுநாளை நான் விட்டதில்லை. நேற்று மாலையே கேட்டேன். “சார்ஜ்ல கெடக்கு, காலையில பாத்துக்கலாம்லா” என்றார்.

கொஞ்ச நேரத்தில் தோட்டத்து லெட்சுமி அழைத்தாள்.

“என்னக்கா, எங்க திடல லோரி நிறுத்தக் குடுக்க நீங்களே சரின்னு சொல்லிட்டீங்களாமே? எங்க லயத்து வீடுங்க முன்னால வந்து நின்னு விடமாட்டேன்னு சொன்னது யாரு?”

நான் அவரைப் பார்த்தேன். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

“நேத்து கட்சித் தலைவரு உன் போனுக்கு விடாம அடிச்சாரு. நீ சபைக்குள்ள பாடிக்கிட்டு இருந்த. அவளுக்கு ஆட்சேபம் இல்லன்னு சொல்லிட்டேன். அவரு பேரு குடுத்தாத்தான அடுத்த தவணையும் உனக்குப் பதவி, வேணாமா?”

நேற்று ஓய்வுநாளை நிறைவு செய்யும் ஜெபத்தை அவர்தான் சொன்னார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அப்போதும் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மற்றதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்த ஜெபத்தை நினைத்தால்தான்...

லெட்சுமி கடைசியில் கோபப்படக்கூட இல்லை. “சரிக்கா, வைக்கிறேன்” என்றாள்.

செவ்வாய்க்கிழமை மன்றக் கூட்டம். அந்தச் சம்மதம் என்னுடையது அல்ல, என்னைக் கேட்காமல் என் கணவர் கொடுத்தது என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லப்போகிறேன். அவர் உள்ளே தூங்குகிறார். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.