நூலகப் பாயில் ஒரு போடியார்

ஆகஸ்ட் 7, வியாழன்

விடிந்ததிலிருந்து கச்சான் காற்று. கண்ணெல்லாம் மண். சனிக்கிழமை நூலகத்தில் சிறுவர் நிகழ்ச்சி. எனக்கு அந்தக் காலத்துப் போடியார் வேடம். வயற்சொந்தக்காரராக நின்று, பிள்ளைகளைக் கொண்டு பாயில் சூடு மிதித்து, முன்பு மாடு மிதித்து நெல் பிரித்த விதத்தைக் காட்ட வேண்டும். எடுக்க வேண்டியது: நெல், வைக்கோல், தலைப்பாத் துவாய்.

காக்கா வந்தார். வாசகர் வட்டச் செயலாளர், என் கூடப்பிறந்த மூத்தவர். படியிலேயே தொடங்கிவிட்டார்.

"போடியார் வேசம் ஒனக்கென்னத்துக்கு புள்ள? பொம்புள களத்துக்குள்ள கால் வெக்கிறல்ல. பொலி போயிரும். ஆம்புள ஒருத்தன நான் புடிச்சித் தாறன்."

"அது நூலகம் காக்கா. களமில்ல."

"சின்னப் புள்ளைகளுக்குப் பிழையாக் காட்டக்கூடா."

தேத்தண்ணி குடிக்காமல் போனார். போகட்டும், சீனி மிச்சம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஜும்ஆ கலைந்த நேரம் அலுமாரியைக் குடைந்து வாப்பாவின் பச்சை இடுப்பு வாரை எடுத்தேன். கடைசித் துளையிலும் தொளதொள. ஆணியால் புதிதாக ஒரு துளை.

ஒரே கொதிப்பு. வயல் உம்மாவின் சீதனம். உம்மாவுக்குப் பிறகு எனக்கு. காணி உறுதி பெண்கள் எங்கள் பேரில். ஆனால் சூடு மிதிக்கும் நாளில் சோற்றுப் பெட்டியை வரம்பில் வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். காக்கா சின்ன வயதிலேயே களத்துக்குள். நான் வரம்பில் நின்று காதால் படித்தேன். களத்தில் செருப்பு கூடாது. 'இல்லை' கூடாது, 'போதும்' கூடாது. எதற்கும் 'பொலி'தான், பெருகட்டும் என்று. மீறினால் விளைச்சல் ஓடிவிடுமாம்.

இப்போது மெஷின் வெட்டுகிறது. மெஷின்காரன் செருப்போடுதான் நிற்கிறான். பொலி ஓடவில்லை. என் கால் பட்டால் மட்டும் ஓடுமோ?

பாண்டிருப்பிலிருந்து நூலகர் ரஞ்சனி மிஸ் போன். "செயலாளர் வேணாமெண்டு நிக்கிறார். என்ன செய்வம்?"

"பாய விரிச்சி வையுங்க மிஸ். நான் வாறன்."

ஆகஸ்ட் 9, சனி

நல்ல வெயில். அபாயாவுக்கு மேல் வார், தலையில் தலைப்பா, கையில் வைக்கோல் கிளறும் கம்பு. ஓட்டோக்காரன் சிரித்த சிரிப்பு! சிரிக்கட்டும்.

களத்துச் சட்டங்களைச் சொன்னேன். பிள்ளைகள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மாடுகளாகச் சுற்றினார்கள். ஒரு மாடு இன்னொரு மாட்டைக் கடித்தது. "பொலி! பொலி!" கூரை பறக்கிற சத்தம்.

அப்போதுதான் காக்கா. வாசலில் நின்று கையை உயர்த்தினார்.

"போதும் புள்ள! போதும்!"

சத்தம் சட்டென்று நின்றது. பிறகு எல்லா மாடுகளும் ஒன்றாகக் கத்தின.

"களத்துல போதும் எண்டு சொல்லக்கூடா! பொலி எண்டு சொல்லுங்க!"

காக்காவின் முகம் சிவந்தது. கம்பை ஊன்றிக்கொண்டு அவரையே பார்த்தேன். இறங்க மாட்டேன். கையைப் பிடித்து இழுத்தாலும் இந்தப் பாயை விட்டு இறங்க மாட்டேன்.

அவர் வாய் அசைந்தது. இதே சொல்லுக்கு வாப்பாவிடம் வாங்கிய அடி ஞாபகம் வந்திருக்கும்.

"பொலி," என்றார், மெல்ல.

"சத்தமா!" என்றது ஒரு மாடு.

"பொலி!"

கீழே பார்த்தேன். வெறுங்கால். செருப்பை அவராகவே வெளியில் கழற்றிவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

"உள்ள வாங்க காக்கா," என்றேன். "இன்னொரு மாட்டுக்கு எடம் இரிக்கி."