தம்பிக்கு எந்தத் திதி

மார்ச் 24, திங்கள்

வெயில். காலை ஒன்பதுக்கே தலை சுடுகிறது. சுண்ணாம்புக்கல் லாரிகள் வழக்கம்போல. வாசல் வேப்பமரம் இலைக்கு இலை வெள்ளை.

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு இன்று ஒரு வரலாற்று முடிவு. தினசரிக் காலண்டர் கூடத்துச் சுவரிலிருந்து அடுப்படிக் கதவுக்குப் பின்னால் மாற்றப்படுகிறது. பத்தொன்பது வருடமாக ஒரே ஆணி. எதிர்த்தரப்பு வாதங்கள் முழுமையாகக் கேட்கப்பட்டன. எதிர்த்தரப்பு என்பது மனைவி கமலா.

"ஒரு ஆணி மாத்த இம்புட்டு யோசனையா? லைப்ரரியில முப்பது வருசம் புத்தகம் அடுக்குன புத்தி."

"நாற்காலில உக்காந்தா கண்ணு நேரா அதுலதான் போவுது."

"போனா என்ன? இன்னிக்கு என்ன நாளுன்னு தெரியும்ல."

அதுதான் சங்கடம் என்று சொல்லவில்லை. அமாவாசைத் தாளில் கறுப்பு வட்டம் ஒன்று போடுகிறார்கள். கூடத்தின் எந்த மூலையிலிருந்தும் தெரியும். அடுத்த மாதம் 27, ஞாயிறு. சித்திரை அமாவாசை.

ஆணி அடித்தேன். கட்டை விரலில் ஒரு அடி. முடிவு நடைமுறைக்கு வந்தது.

மார்ச் 26, புதன்

கதிர் வந்தான். இறந்துபோன தம்பி சேகரின் மகன். வீட்டுப் பட்டாவை அம்மா பேருக்கு மாற்றப் போகிறானாம். அப்பாவின் இறப்புச் சான்றிதழ், அசல், வேண்டும்.

"உங்ககிட்டதான பெரியப்பா இருக்கு? எல்லா பேப்பரும் பெரியப்பாதான் வச்சிருக்காருன்னு அம்மா சொல்லுச்சு."

உண்மை. நாலு வருடமாக சேகர் என்னிடம் ஒரு பச்சை ஃபைலில் இருக்கிறான். ரேஷன் கார்டில் பேர் எடுத்தது, பேங்க், லைசென்ஸ், எல்லாம் நான் பார்த்தது. அவன் மனைவி வளர்மதி நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். வீட்டில் படித்த ஆள் ஒருவர் இருந்தால் மற்றவர்கள் எதையும் படிக்க வேண்டியதில்லை.

இல்லை என்று தெரிந்த தட்டில் பத்து நிமிடம் தேடினேன்.

"எங்கயோ வச்சிருக்கேன்டா. நானே கொண்டாந்து தரேன்."

"தெவசமும் வருது பெரியப்பா. அடுத்த மாசம் இருபத்தெட்டாந்தேதி. அமாவாசைக்கு மறுநாளு."

"தெரியும்."

மார்ச் 27, வியாழன்

கமலா கோயிலுக்கு. வீட்டில் நானும் மின்விசிறியும்.

இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு தினம் உண்டு. கை கழுவுவதற்குக்கூட உண்டு. கொரோனாவில் செத்தவர்களுக்கு ஒரு தினம் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஆகவே வீட்டுக்கு வீடு தனித்தனித் தேதி. எங்கள் வீட்டுத் தேதி தப்பு. தப்பாகச் சொன்னது நான்.

யாரும் படிக்கப்போவதில்லை என்பதால் வரிசையாக எழுதிவைக்கிறேன்.

இரண்டாவது அலை. சேகர் சிமெண்ட் லாரி டிரைவர். ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒன்பதாம் நாள், சித்திரை அமாவாசை, மாலை 4.50. போன். தகவலுக்கு என் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். பெண் குரல், களைத்த குரல். "தவறிட்டாருங்க. ஏழு மணிக்கு எடுத்துருவாங்க. அதுக்குள்ள வூட்டாளுங்க ரெண்டு பேரு வந்தா தள்ளி நின்னு முகம் பாக்கலாங்க." வருகிறேன் என்றேன்.

ஆஸ்பத்திரி பைக்கில் ஐம்பது நிமிடம். வளர்மதி வீடு அடுத்த தெரு, நடந்து மூன்று நிமிடம்.

4.50 முதல் 7 வரை நான் செய்தவை:

கபசுரக் குடிநீர், ஒரு டம்ளர்.

பைக் சாவியை எடுத்தேன். வைத்தேன்.

கேட் கொண்டியை சானிடைசர் போட்டுத் துடைத்தேன். இரண்டு முறை.

பேப்பரில் மாவட்டவாரியாக எத்தனை பேர் என்று கட்டம் போட்டிருந்தார்கள். பார்த்தேன். சேகர் நாளைய கட்டத்தில்தான் வருவான் என்று தோன்றியது.

கமலா கேட்டாள், போனுல யாரு? ஆஸ்பத்திரி என்றேன். அவளுக்குச் சர்க்கரை. எனக்கு வயது அறுபது. இருவரும் பேப்பர் படிப்பவர்கள். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. டீ போட்டாள். குடித்தோம்.

மறுநாள் காலை ஆறரைக்கு முகக்கவசம் போட்டுக்கொண்டு வளர்மதி வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்று சொன்னேன். விடியக்காலைல போயிட்டான், உடனே எடுத்துட்டாங்களாம் என்று. அதை வைத்துத் திதி குறித்தார்கள்: பிரதமை. மூன்று வருடமாக அதில்தான் படையல்.

சான்றிதழில் தேதி சரியாக இருக்கிறது. அரசாங்கம் சில சமயம் இப்படிச் செய்துவிடும்.

மார்ச் 29, சனி

சான்றிதழைத் தம்பி வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கதிர் பி.காம். முதலில் தேதியைத்தான் பார்த்தான்.

"என்ன பெரியப்பா, ஒரு நாளு முன்னாடி போட்டிருக்கு?"

"ஆஸ்பத்திரில லேட்டா சொல்லியிருப்பாங்கடா. அப்ப யாருக்கு என்ன தெரிஞ்சுது."

ஒத்திகை இல்லாமல் வந்த வசனம். எவ்வளவு லேசாகப் போய் உட்கார்ந்தது என்று எனக்கே ஆச்சரியம். அந்த வருடத்தின் மேல் எந்தப் பழியைப் போட்டாலும் நிற்கும்.

வளர்மதி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது.

"அதான் மூணு வருசமா காக்கா எடுக்கல."

"அம்மா, சும்மா இரும்மா."

"நீ சும்மா இருடா. நான் தொண்டை கிழியக் கூப்புட்டேன். மதிலு மேல உக்காந்து பாக்குது, சோத்தத் தொடல. நம்ம மேல என்னமோ கோவம்னுல்ல நெனச்சேன். முந்தின நாளே வந்து பாத்துட்டு வெறும் வயித்தோட போயிருக்காரு."

காகத்துக்குப் பஞ்சாங்கம் தெரியாது என்று சொல்ல வாய் எடுத்தேன். எத்தனையோ அறிவியல் புத்தகத்துக்கு நம்பர் ஒட்டிய கை இது. முறத்திலிருந்து சிந்திய அரிசியைப் பொறுக்கினேன்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா நடந்தே போயிருப்பேன் மாமா. பஸ்சு இல்லாட்டி என்ன. மூஞ்சிய ஒரு தடவ..." மறுபடி புடைக்கத் தொடங்கினாள். புடைத்த அரிசியையே.

கதிர் விடவில்லை. "எத்தினி மணிக்குச் சொன்னாங்கன்னு எழுதிக் கேப்போம். நீங்க மனு எழுதுங்க பெரியப்பா. உங்க மனுன்னா பதில் வராம இருந்ததில்ல."

இதுவும் உண்மை. ஊரில் தெருவிளக்கு, குடிதண்ணீர், முதியோர் பென்ஷன், எல்லாம் என் எழுத்தில் வந்தவை.

இன்றைக்கும் அமாவாசை. நானாகத் தேர்ந்தெடுத்த நாள் இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

மனு எழுதினேன். மூன்று முறை கிழித்தேன். நான்காவது நன்றாக வந்தது. இறந்தவர் பெயர், வார்டு, சேர்த்த நாள். கேள்வி ஒன்று: இறந்த நேரம் என்ன. கேள்வி இரண்டு: குடும்பத்துக்குத் தகவல் சொன்ன நேரம் என்ன. முடிவில் "கருணை கூர்ந்து". கருணை கூர்ந்து என்று முடியும் மனுவுக்கு மரியாதை அதிகம்.

கதிர் படித்தான். "சூப்பர். ஆனா யாருகிட்ட சொன்னாங்கன்னு கேக்கலையே பெரியப்பா?"

"அது வேணுமா?"

"வேணும்ல? யாருகிட்டயும் சொல்லலன்னா அதுலதான் மாட்டுவானுங்க."

கேள்வி மூன்று: தகவல் யாரிடம் தெரிவிக்கப்பட்டது. என் கையாலேயே சேர்த்தேன். எழுத்து கொஞ்சமும் கோணவில்லை.

அவன் போன பிறகு கமலா. "சொல்லிடுங்களேன்."

"என்னன்னு?"

"எனக்கு என்ன தெரியும். என்கிட்ட நீங்க ஒண்ணும் சொல்லலையே."

"நீயும் கேக்கலையே."

நாலு வருடத்தில் இதைப் பற்றி நாங்கள் பேசியது இவ்வளவுதான். பிறகு புளி தீர்ந்துவிட்டது என்றாள்.

ஏப்ரல் 3, வியாழன்

கதிரோடு பஸ்ஸில். மனுவை நேரில் கொடுக்க.

முன் சீட்டில் இரண்டு பெண்கள். "கொரோனான்னு வந்துச்சே, அது எந்த வருசம்?" "எங்க பெரியவ சமைஞ்ச வருசம். பந்தி போட முடியாமப் போச்சு." "ஆமா, எனக்கும் மறந்தே போச்சு." இறங்கும் வரை கத்தரிக்காய் விலை.

ஆஸ்பத்திரி பதிவறை. என்னுடைய ஒரே நம்பிக்கை கரையான். முப்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன், அரசாங்கக் காகிதத்துக்குக் கரையான் மாதிரி உண்மையான வாசகன் இல்லை.

குமாஸ்தா சிறு வயது, நெற்றியில் விபூதி. "எல்லாம் இருக்குங்க சார். அந்த வருசத்து ரெஜிஸ்டர் பூரா பைண்டு பண்ணி வச்சிருக்கோம். போன் பண்ணுனது, பேசுனது, அத்தனையும் எழுதியிருக்கும். அந்த சிஸ்டருங்க பாவம், சாப்புடாமக்கூட எழுதுனாங்க." என் மனுவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "முத்து முத்தா இருக்கு சார் எழுத்து."

அந்த வருடத்தில் இந்த நாட்டில் ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட ஒரே பொருளைத் தேடி நான் போயிருக்கிறேன்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் டீ. சொல்லிவிடலாம் என்று டம்ளரைக் கீழே வைத்தேன்.

"கதிரு."

"என்ன பெரியப்பா?"

"அப்பா கடைசியா உன்கிட்ட என்ன பேசுனான்?"

"சார்ஜர் கேட்டாரு. பெரியப்பாகிட்ட சொல்லியிருக்கேன், கொண்டாந்துருவாருன்னாரு." சிரித்தான். "எங்க உள்ள விடுவானுங்க."

சார்ஜர் என் பீரோவில் இருக்கிறது. வெள்ளை ஒயர். ஆஸ்பத்திரி கேட்டில் பேர் எழுதிக் கொடுத்தால் உள்ளே சேர்ப்பார்கள் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

டம்ளரை எடுத்துக்கொண்டேன். டீ ஆறிவிட்டது.

ஏப்ரல் 12, சனி

வளர்மதி வீடு. இன்று சொல்லியே தீருவது என்று சட்டை மாற்றிக்கொண்டு போனேன்.

மோர் கொடுத்தாள். கரண்ட் இல்லை. நான் வாய் திறக்குமுன் அவள் தொடங்கினாள்.

"உங்கள நெனச்சுப்பேன் மாமா. அன்னிக்குக் காலைல நீங்க ஒரு ஆளுதான் வூட்டுப்பக்கம் வந்தீங்க. எங்கண்ணன் போனுகூட எடுக்கல. எதுத்த வூட்டுல சன்னல சாத்துனாங்க. உங்களுக்கு மட்டும் உசுரு பயமில்லையா?"

"மோர்ல பெருங்காயம் தூக்கலா இருக்கு" என்றேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

காலை மாத்திரை போட்டேனா என்று நினைவில்லை. மறுபடி போட்டேன்.

பதினோரு மணிக்குக் கதிர். செருப்பைக் கழற்றவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நீளமான பழுப்புக் கவரை மேசையில் வைத்தான்.

"படிங்க பெரியப்பா."

கண்ணாடி தேடினேன். மூக்கில் இருந்தது.

"சத்தமா."

படித்தேன். இறந்த நேரம் மாலை 4.20. தகவல் தெரிவித்த நேரம் மாலை 4.50. தகவல் பெற்றவர் இறந்தவரின் அண்ணன். குறிப்பு: வருவதாகக் கூறினார். 7.15 வரை காத்திருக்கப்பட்டது. வரவில்லை.

கால் மணி நேரம் கூடுதலாகக் காத்திருந்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது.

கமலா அடுப்படியில். பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

"அம்மாகிட்ட இன்னும் படிச்சுக் காட்டல" என்றான் கதிர். "நீங்களே வந்து சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

"நானே சொல்றேன். நாளைக்குக் காலைல வரேன்."

"அன்னிக்கும் காலைலதான வந்தீங்க."

பச்சை ஃபைலைக் கேட்டான். கொடுத்தேன். சார்ஜரையும் கொடுக்கலாமா என்று நினைத்தேன். பைக் கிளம்பிவிட்டது.

ஏப்ரல் 23, புதன்

ஆறரைக்குப் போனேன். கேட் உள்பக்கம் பூட்டு. வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தது, ஈரம் காயவில்லை. இரண்டு முறை கூப்பிட்டேன். உள்ளே மிக்சி ஓடியது. எதிர்வீட்டில் சன்னலைத் திறந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கமலா கேட்டாள், "சொல்லிட்டீங்களா?"

"அவளுக்குத் தெரியும்."

"நானும் வந்திருக்கணுமோ" என்றாள். எப்போது என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

இருநூறு உளுந்து, இரண்டு சீப்புப் பூவன் பழம், எள், தலைவாழை இலை. வருடாவருடம் தெவசத்துக்கு நான் வாங்கித்தருவது. பழக்கத்தில் வாங்கிவந்துவிட்டேன். எல்லாம் கூடத்தில். கமலா எடுத்து வைக்கவில்லை.

கதிர் சாமான் கேட்டு வரவில்லை. போனும் இல்லை.

ஏப்ரல் 28, திங்கள்

வெயில். லாரிகள் அதிகம்.

காலண்டரில் மூன்று தாள் சேர்த்துக் கிழித்தேன். கதவுக்குப் பின்னால் இருப்பதால் மறந்துபோகிறது. பழம் கறுத்துவிட்டது.

பால்காரர் வந்தார். "நேத்து உங்க தம்பி வூட்டுல தெவசமாமே சார்? உங்கள அங்க காணோமே. ஊருல இல்லையா?"

இருந்தேன் என்றேன். அரை லிட்டர் போதும் என்றேன்.

இலையை மதிலில் வைத்ததுமே காக்கா வந்து எடுத்துவிட்டதாம்.