மான் ஆடான ஹஜ்ஜுப் பெருநாள்

மச்சி, மான் வந்திருக்கிறது!

சத்தியமாகச் சொல்கிறேன், அதே சிவப்புக் கம்பளிச் சட்டை, நெஞ்சுக்கு நடுவில் அதே வெள்ளை மான், காய்ந்த முருங்கைக் கொப்பு மாதிரி அதே கொம்பு. கல்முனை பசாரில் பழைய உடுப்புகளை நடைபாதையில் குவித்துப் போட்டு விற்கிறார்களே, அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு சிவப்புக் கை எட்டிப் பார்த்தது. நான் மீன் வாங்கப் போனவள். மீனாவது ஒன்றாவது! இழுத்தெடுத்து முகத்தில் வைத்து மோந்தேன். பூச்சி அரிக்காமல் இருக்கப் போடுகிற வெள்ளை உருண்டை வாசம் அப்படியே இருந்தது. "இந்த வெயிலுக்கு இது என்னத்துக்கு ராத்தா?" என்று விற்கிறவர் கேட்டார். "என்ட மச்சிக்கு" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். நீங்கள் மௌத்தாகி, மண்ணுக்குள் போய் இரண்டு ஹஜ்ஜுப் பெருநாள் போய்விட்டது என்று அவருக்கு எப்படித் தெரியும்? சிரிப்பும் அழுகையுமாக வீட்டுக்கு வந்தேன். வழியில் பார்த்தவர்கள் எனக்கு விசர் என்று நினைத்திருப்பார்கள், நினைக்கட்டும்.

சட்டை இப்போது என் மடியில் கிடக்கிறது. கத்தரிக்கோலும் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் உங்களோடு கொஞ்சம் கதைத்துவிட்டுத்தான் வெட்டப் போகிறேன்.

கிறிஸ்தவர்களின் நத்தாருக்கு மறுநாள் அந்தச் சுனாமி அலை வந்தது. உங்கள் வீடு, எங்கள் வீடு, இரண்டுக்கும் நடுவில் இருந்த வேலி, உங்கள் தையல் மெஷின் எல்லாம் ஒரே இழுவையில் போயிற்று. என் காக்காவும் போனார். எனக்குக் கூடப்பிறந்தவர், உங்களைக் கட்டின மாப்பிள்ளை, என் உம்மாவுக்கு ஒரே மகன். என் மாப்பிள்ளை நாவிதன்வெளிப் பக்கம் வயல் காவலுக்குப் போயிருந்ததால் தப்பினார். கடலை விட்டுத் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் நமக்கு இடம் கிடைத்தது. ஆண்கள் எல்லாம் மண்டபத்தில். ஒரு வகுப்பறைக்குள் நீங்கள், நான், உம்மா, என் ஏழு வயது மகள்.

நீங்கள் இத்தா இருந்தீர்கள். மாப்பிள்ளை மௌத்தான பொம்பிளை நாலு மாதம் பத்து நாள் பிற ஆண் கண்ணில் படாமல், அலங்காரம் இல்லாமல் வீட்டுக்குள் இருக்க வேண்டும். வீடே இல்லாதவள் எங்கே இருப்பது? கரும்பலகைக்கும் யன்னலுக்கும் இடையில் கயிறு கட்டி, ஒரு சீலையைத் தொங்கப் போட்டு, அதற்குப் பின்னால் உங்களை இருத்தினோம். உங்கள் உலகம் அந்த மூலை. எனக்கோ ஒரு இடத்தில் இருக்க முடியாது. தண்ணீருக்கு ஓடுவேன், அரிசிக்கு ஓடுவேன், ஒன்றும் இல்லாவிட்டால் சும்மாவாவது ஓடுவேன். "அவசரக்காரிக்குப் புத்தி மட்டு. ஒரு இடத்தில குந்துகா" என்று சீலைக்குள்ளிருந்து சொல்வீர்கள்.

குந்தினால் மகளைப் பார்க்க வேண்டும். அதற்குப் பயந்துதான் ஓடினேன், மச்சி.

அவள் தரையில் கால் வைக்க மாட்டேன் என்று நின்றாள். வந்த அன்றைக்கே வாத்தியாரின் மேசைக்கு மேல் ஏறி, சுவரோடு சாய்ந்து குந்திக்கொண்டாள். சாப்பாடு அங்கே. தூக்கமும் அங்கேதான், குந்தியபடியே தலை தொங்கும். தூக்கிக் கீழே படுக்க வைத்தால், "தண்ணி வருது, தண்ணி வருது" என்று கத்திக்கொண்டு எழும்புவாள். டொக்டர் பார்த்தார், ஆலிம் ஓதிப் பார்த்தார், நான் கெஞ்சினேன், அடிக்கவும் கை ஓங்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. ராவானால், அவள் விழுந்துவிடுவாளோ என்று நான் அவள் காலைப் பிடித்தபடி மேசைக்குப் பக்கத்திலேயே குந்தியிருப்பேன். நாளுக்கு நாள் மெலிந்து, கண் மட்டும் பெரிதாகிக்கொண்டு வந்தது. ஒரு பிள்ளையை அலை கொண்டு போகாமல் விட்டும் நான் இழந்துவிடுவேன் போல இருந்தது.

அந்த நேரம்தான் லொறியில் உடுப்பு மூட்டைகள் வந்தன. எங்கோ பனி கொட்டுகிற நாட்டு ஆட்கள் அனுப்பியவை. நல்ல மனதோடுதான் அனுப்பியிருப்பார்கள், ஆனால் முழங்கால் வரை கோட்டும் காது மூடுகிற தொப்பியும் வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது? நமக்குக் கிடைத்த மூட்டையை அவிழ்த்தால் முழுக்க முழுக்கச் சிவப்புக் கம்பளிச் சட்டை! ஒவ்வொன்றிலும் ஒரு மான், அதற்குப் பக்கத்தில் கூம்பு கூம்பாய்ப் பச்சை மரம்.

"இது நத்தார் தாத்தாட வண்டி இழுக்கிற மான் மச்சி" என்றேன் நான். கோபத்தில் சொன்னேன். பெருநாளைக்கு ஒரு சட்டை கிடைக்கும் என்று பார்த்தால் இதுவா என்று.

நீங்கள் ஒன்றைச் சீலைக்குள் இழுத்து விரித்துப் பார்த்தீர்கள். பிறகு கேட்டீர்கள், "புள்ள, இந்தக் கொம்ப வெட்டிட்டா இது என்ன?"

எட்டிப் பார்த்தேன். கொம்பை உள்ளங்கையால் மறைத்து வைத்திருந்தீர்கள்.

"ஆடு!"

"ஆடு அறுக்கிற ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மான் வந்தா என்ன, ஆடு வந்தா என்ன?" என்று சொல்லிச் சிரித்தீர்கள் பாருங்கள்! காக்கா போன பிறகு உங்கள் சிரிப்பை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இத்தா இருக்கிற பொம்பிளை இப்படிச் சிரிக்கலாமா என்று நாலு பேர் நினைப்பார்களே என்று வாயைப் பொத்தினேன். உங்கள் வாயை அல்ல, என் வாயை. என்னால்தான் அடக்க முடியவில்லை.

பிறை கண்டாயிற்று, இன்னும் பத்து நாளில் பெருநாள் என்று பள்ளிவாசலில் அறிவித்திருந்தார்கள். மேசையில் குந்தியிருந்தவளைப் பார்த்து நீங்கள் சத்தமாகச் சொன்னீர்கள், "பெருநாளைக்கு உனக்கு ஒரு விரிப்புத் தைக்கப் போறன். அதில ஆடெல்லாம் மேயும். பாக்கணுமெண்டா கீழ வரணும்." அவள் காலை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டாள். நான் அப்போதே கத்தரிக்கோல் தேடி ஓடினேன்.

அம்மாடி, அந்தப் பத்து நாள்! மெஷின் இல்லை, இரண்டு ஊசிதான். பின்னல் துணி பொல்லாதது, கத்தரி பட்டால் இழை இழையாய்க் கழன்று ஓடும். நான் முதல் சட்டையைக் கரகரவென்று வெட்டியதில், ஆட்டின் பின்னங்கால் என் கையிலேயே நூலாய்ப் போயிற்று. "ஓரத்தத் தைச்சிட்டு வெட்டு. முதல்ல பிடிச்சிக் கட்டு, மறுகா வெட்டு" என்று ஊசியால் என் விரலில் ஒரு குத்துக் குத்தினீர்கள். மேலே சிவப்புத் துண்டுகள், நடுவில் ஒரு கோட்டின் பஞ்சு, அடியில் மருதமுனைக் கைத்தறிச் சாரத் துணி. பக்கத்து வகுப்பறைப் பொம்பிளைகள் எல்லாம் வந்து எட்டிப் பார்த்தார்கள். "எங்கட புள்ளைக்கும் ஒண்டு" என்று கேட்காத ஆள் இல்லை. எனக்குப் பசியே எடுக்கவில்லை!

உம்மாதான் குழப்பினா. மகன் போன நாளிலிருந்து அவ தொழுகைப் பாயை விட்டு எழும்பியதே குறைவு. ஒரு நாள் திரும்பிப் பார்த்து, "தொழுற இடத்தில உசிருள்ளதுகள்ட உருவம் வெக்கப்படாது. இத எடுங்க" என்றா. யாருக்கு எதிர்த்துக் கதைக்கத் தைரியம் வரும்? நான்தான் அவசரத்தில், "தலைய வெட்டிட்டா உருவம் இல்லத்தானே, வெட்டிடுவம் மச்சி" என்று கத்தரியைத் தூக்கினேன்.

நீங்கள் கத்தரியைப் பிடுங்கினீர்கள். "வேணாம் புள்ள. செத்தது காணும், போதும். இந்த அறைக்குள்ள இனி ஒண்டும் சாகப்படாது."

அதன் பிறகு சட்டையில் இருந்த பச்சை மரங்களை வெட்டிப் பலா இலையாக்கினீர்கள். ஒவ்வொரு ஆட்டின் தலைக்கு மேலும் ஒரு இலை. ஆடு இலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு தின்கிற மாதிரி ஆயிற்று. உம்மா குனிந்து பார்த்து, தலையாட்டிவிட்டுப் பாய்க்குத் திரும்பினா.

இந்தக் கொம்பு வெட்டுகிற பழக்கம் உங்களை விட்டுப் போகவே இல்லையே! நாட்டில் சண்டை முடிந்த வருடம் நினைவிருக்கிறதா? அதற்கு முன் ஒரு விரிப்பைக் கொண்டு போவதென்றால் வழியில் எத்தனை சோதனைச் சாவடியில் அவிழ்த்து உதறிக் காட்ட வேண்டும். பாதை லேசான பிறகு, நாம் தைத்து விற்ற விரிப்புகளுக்குப் பொத்துவில் வரை ஓர்டர் வந்தது. நோன்புப் பெருநாளைக்குப் பிறை வைத்தது, தைப்பொங்கலுக்குப் பானை வைத்தது என்று நம் வீட்டு விறாந்தை முழுக்கத் துணி. அறுகம்பேயில் விடுதி நடத்துகிற ஒருவர் நத்தாருக்கு மான் போட்ட விரிப்புக் கேட்டார். ராவு பகலாய்த் தைத்துக் கொடுத்தோம். அவர் விரித்துப் பார்த்துவிட்டு, "இது என்ன, நத்தார் தாத்தாட வண்டிய ஆடா இழுக்குது?" என்றார். கை பழகின பழக்கத்தில் எல்லா மானின் கொம்பையும் நறுக்கிவிட்டீர்கள்! பஸ்ஸில் திரும்பி வரும்போது சிரித்துச் சிரித்து உங்களுக்கு விக்கல் எடுத்து, கொண்டக்டர் தண்ணீர் தந்தார். விடுதிக்காரர் அந்த ஆட்டு விரிப்பைத்தான் கடைசியில் முன் அறைச் சுவரில் தொங்க விட்டார்.

எங்கேயோ போய்விட்டேன். பெருநாள் காலைக்கு வருகிறேன்.

பள்ளிவாசலில் "அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் சத்தம் எழும்பியது. ஆண்கள் தொழப் போனதும் நீங்கள் சீலையை விலக்கி வந்து, மேசைக்குக் கீழே விரிப்பை விரித்துவிட்டு, மூலைக்குத் திரும்பினீர்கள். பத்துப் பன்னிரண்டு ஆடு, எல்லாம் தலையைக் குனிந்தபடி. மகள் மேலிருந்து பார்த்தாள்.

"மாமி, ஆட்டுக்கெல்லாம் மூஞ்சி இல்லையா?" என்று உங்களைக் கேட்டாள்.

"இரிக்கி. இலை தின்னுதுகள்."

"எப்ப நிமிரும்?"

"எனக்குத் தெரியா மகள். நீ போய்க் கேளு."

ஒரு கால் இறங்கியது. நான் பாய்ந்து பிடிக்கப் போனேன், நீங்கள் "ச்சூ" என்று என்னை அடக்கினீர்கள். மற்றக் காலும் இறங்கியது. அவள் குனிந்து ஓர் இலையைத் தொட்டாள். இலை மேலே எழும்பியது! "உம்மா! கண்ணு இரிக்கி! உம்மா, என்னயப் பாக்குது!"

இலையின் மேல் ஓரத்தை மட்டும் தைத்துவிட்டு, மற்றப் பக்கத்தை எல்லாம் திறந்து விட்டிருந்தீர்கள். என்னிடம் கூடச் சொல்லவில்லை, கள்ளி! மகள் ஒவ்வொரு ஆடாகப் போய் இலையைத் தூக்கி ஸலாம் சொன்னாள். முழங்காலில் தவழ்ந்து தவழ்ந்து மறு கோடிக்குப் போனாள். கடைசி ஆட்டோடு என்ன கதைத்தாளோ, அதன் இலையைக் கையில் பிடித்தபடியே சரிந்து, தரையில், நீட்டி நிமிர்ந்து, தூங்கிவிட்டாள்.

நண்பகல் லுஹர் தொழ உம்மா எழும்பினா. திறந்து கிடந்த முகங்களைக் கண்டா. போச்சு என்று நினைத்தேன். உம்மா குந்தி, தூங்குகிறவளை அசைக்காமல், ஒவ்வொரு இலையாக மூடிக்கொண்டே வந்தா. மகள் பிடித்திருந்த இலைக்கு வந்ததும் கையை எடுத்துக்கொண்டா. "அது கிடக்கட்டும்" என்று சொல்லித் தன் பாயைத் தூக்கி விரிப்புக்கு முன்னால் போட்டுத் தொழுதா.

நான் சுவரில் சாய்ந்து நின்று அழுதேன். நீங்கள் சீலையை ஒரு பக்கமாய் ஒதுக்கி என்னைப் பார்த்தீர்கள். "நீயும் படு புள்ள. உன்ட கண்ணு ரெண்டும் கொவ்வப்பழமாக் கிடக்கு" என்றீர்கள். அலைக்குப் பிறகு நானும் முதுகைத் தரையில் வைக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மகளுக்குப் பக்கத்தில் சரிந்தேன். ஆனாலும் மனம் கேட்கவில்லை.

"தண்ணி வந்தா மச்சி?" என்று கேட்டேன். ஏழு வயதுப் பிள்ளை பயந்ததைத்தான் நானும் கேட்டேன்.

"வந்தா நான் எழுப்புவன். நான் முழிச்சிக்கிட்டுத்தானே இரிக்கன், நீ படு."

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் தூங்கினேன். கண் திறந்தபோது நீங்கள் சுவரில் சாயாமல் நேராக, யன்னல் பக்கம் பார்த்தபடி, சொன்ன இடத்திலேயே இருந்தீர்கள்.

நாங்கள் பழைய வளவிலேயே வீடு கட்டிவிட்டோம், கடல் கிட்டத்தான். கடல் கொஞ்சம் கூடுதலாக இரைந்தால் இந்த ஒழுங்கை வீடுகளில் இப்போதும் ஆட்கள் எழும்பி வாசலுக்கு வருவார்கள். என் மாப்பிள்ளையும் வருவார். நான் மட்டும் படுத்தால் படுத்ததுதான். போன கிழமை மகள் கேலி செய்தாள், "உம்மா, அலை வந்தாலும் நீங்க எழும்ப மாட்டீங்க." நான் சொன்னேன், "என்னத்துக்கு மகள் நான் எழும்ப? எனக்கு முழிச்சிருக்க ஆள் இரிக்கி."

யார் என்று அவள் கேட்கவில்லை, மச்சி. தலையணையை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் தரையில் படுத்தாள்.