கடைக்குட்டியிலிருந்து தொடங்கும் ஜெபம்

என் கடைக்குட்டிக்கு,

ஆண்டவர் உன்னையும் மருமகளையும் நிழலாக இருந்து காப்பாராக. இங்கே அம்மா சுகம். சுகம் என்று எழுதுகிறேனே தவிர, முழங்கால் சுகமில்லை, கண் சுகமில்லை, மனது சுத்தமாகச் சுகமில்லை. இரண்டு வரி எழுதுவதற்குள் எழுந்துபோய், அடுப்பை அணைத்தேனா, வாசல் கதவைச் சாத்தினேனா என்று பார்த்துவிட்டு வருகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம், வயது இல்லை.

முதலில் கோவில் செய்தி. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த மாதத்திலிருந்து திருவிருந்து மேசையின் வெள்ளைத் துணியைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போடுவது நான்தான் என்று உனக்குத் தெரியும். உங்கள் ஐந்து பேரையும் வயிற்றில் வைத்துக்கொண்டு துவைத்திருக்கிறேன். உன் சின்னக்காவை மண்ணுக்குக் கொடுத்த வாரமும் துவைத்தேன். அப்பாவைக் கொடுத்த வாரமும் துவைத்தேன். இப்போது வந்திருக்கும் பாஸ்டர் உன்னைவிடச் சின்னவர், நல்ல பிள்ளை. ஆனால் கசங்காத துணி ஒன்றைக் கடையில் வாங்கி வந்து, ‘இனிமே நீங்க கஷ்டப்பட வேண்டாம் பாட்டிம்மா’ என்றார். கசங்காத மனுஷனைத் தேடியா தம்பி ஆண்டவர் வந்தார் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே பழைய துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். என்னிடமா!

இனி என் கவலைக்கு வருகிறேன். சாயங்கால ஜெபத்தில் பெரியவனில் தொடங்கி, வரிசையாகப் பெயர் சொல்லி, கடைசியில் உன்னிடம் வந்து முடிப்பேன். உன் பெயர் வந்த பிறகுதான் இந்த வீட்டில் சாப்பாடு. சின்ன வயதில் என் முந்தானையை இழுத்து இழுத்து, ‘சீக்கிரம் என் பேரைச் சொல்லும்மா, பசிக்குது’ என்பாய். அப்போது ஐந்து பெயர். இப்போது மருமக்கள், பேரப்பிள்ளைகள், அவர்கள் பெற்றது என்று வரிசை ரயில்போல் நீண்டுவிட்டது. போன மாதம் ஒருநாள் உன் நர்ஸ் அக்கா என்னைத் தோளில் தட்டி எழுப்பினாள். உன் நடு அண்ணன் பிள்ளைகள்வரை வந்து அப்படியே தூங்கிவிட்டேனாம். கொஞ்ச நாளாகவே இப்படித்தானாம். ‘வயசாயிடுச்சு, போகட்டும்னு விட்டுட்டோம்மா’ என்றாள். அப்படியானால் எத்தனை நாள் உன் பெயர் ஆண்டவர் காதில் விழாமல் போயிருக்கும்?

அவருக்குத் தெரியாதா, நீ சொன்னால்தானா என்று நர்ஸ் கேட்கிறாள். தெரிந்துகொள்வது அவர் வேலை, சொல்வது என் வேலை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். அன்றிலிருந்து வரிசையைத் திருப்பிப் போட்டேன். முதலில் நீ, கடைசியில் பெரியவன்.

அங்கேதான் வினை. உன் பெரியண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம். தலை நரைத்தவன், வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன், பேரன் எடுத்தவன். ‘கூடவே இருந்து பாத்துக்கிறவன் கடைசி, எட்டிக்கூடப் பாக்காதவன் முதல்லயா?’ என்று கேட்டுவிட்டு முன்னறையில் போய் உட்கார்ந்துகொண்டான். அதன் பிறகு அவன் ஜெபத்துக்கு வருவதில்லை. நாங்கள் முடிக்கும்வரை பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டிருப்பான், ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பமாட்டான்.

கோபம் வரிசைமீது இல்லை என்று எனக்குத் தெரியாதா? அவன் கோபமும் உன் கோபமும் அப்பாவின் அடக்கத்தில் பிறந்தவை. உன் விமானம் வந்து சேரும் முன்பே மண்ணைப் போட்டுவிட்டான் என்று, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசலோடு திரும்பிப் போனாய். அவன் உன்னிடம் சொல்லவேமாட்டான், நான் சொல்கிறேன், கேள். அதற்கு மேல் அப்பாவை வைத்திருக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கல்லறையில் பாட்டு முடிந்தது. பெரியவன் இன்னொரு பாட்டு பாடச் சொன்னான். அதுவும் முடிந்தது, இன்னொன்று என்றான். பாடியவர்களுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அப்போதிருந்த பாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பெரியவன் குழியைப் பார்க்கவில்லை, ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். மழை பிடித்துக்கொண்ட பிறகுதான் சரி என்று தலையை ஆட்டினான்.

கொஞ்சம் இரு, கதவைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

சாத்தித்தான் இருக்கிறது. கொஞ்ச நாளாக வீட்டில் ஏதோ சரியில்லை. போன் அடித்தால் நர்ஸ் அதை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போகிறாள். நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. என்னடி என்றால் கரண்ட் பில் என்கிறாள். கரண்ட் பில்லுக்கு யாராவது கண்ணைத் துடைப்பார்களா? யார் பிள்ளைக்குப் பல் முளைத்தாலும் என்னிடம்தான் முதலில் கொண்டுவந்து காட்டுவார்கள். இப்போது மட்டும் நான் கண்ணாடிப் பாத்திரமாகிவிட்டேன். அறைக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து எனக்குக் கால் ஓய்ந்ததுதான் மிச்சம்.

நேற்று துணிக்கு இஸ்திரி போட்ட களைப்பில், ஜெபத்தைத் தொடங்கும் முன்பே நாற்காலியில் அசந்துவிட்டேன். விழிப்பு வந்தபோது பக்கத்தில் யாரோ ஜெபம் பண்ணுகிற சத்தம். பெரியவன் குரல். நான் மாற்றிவைத்த அதே வரிசையில், உன் பெயரில்தான் தொடங்கியிருந்தான். ‘ஆண்டவரே, வியாழக்கிழமை தம்பிக்கு இருதய ஆபரேஷன். டாக்டர் கை நடுங்காம பாத்துக்கும். அம்மாவுக்கு நாங்க இன்னும் சொல்லல. அவனை எங்களுக்கு...’ என்றவன் அதற்கு மேல் போகவில்லை. அடுத்த பெயருக்கும் வரவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பது சரிதான். நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் எழுந்து முன்னறைக்குப் போயிருப்பான்.

ஆக, எனக்குத் தெரிந்துவிட்டது. என்னிடம் மறைத்ததற்குத் திட்ட இப்போது தெம்பில்லை. நீ தேறி வா, உட்காரவைத்துத் திட்டுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறதடா. ஒரு பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தேன், இன்னொரு முறை என்னால் ஆகாது என்று ஆண்டவரிடமே மரியாதை பார்க்காமல் சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் அவர் வீட்டுத் துணியைத் துவைத்தவள் கேட்கிறேன், கேட்கமாட்டாரா?

உன் நர்ஸ் அக்கா இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள். படித்ததும் எனக்குப் போன் போடாதே. அண்ணனுக்குப் போடு. என்ன பேசுவதென்று தெரியாவிட்டால், சாப்பிட்டாயா என்று கேள், போதும். எடுத்தவன் பேசாமல் இருந்தால் வைத்துவிடாதே. ரோட்டைப் பார்த்துக்கொண்டு அவன் உனக்காக நின்றான், நீயும் கொஞ்சம் காத்திரு.

வியாழக்கிழமை நான் உட்கார்ந்தே இருப்பேன். அசந்தாலும் உன் பெயரைச் சொன்ன பிறகுதான் அசருவேன். மிச்சப் பெயர்களை உன் அண்ணன் பார்த்துக்கொள்வான். நீ இந்தப் படியேறி வந்து தண்ணீர் குடிக்கிற அன்றைக்கு வரிசையைப் பழையபடி மாற்றிவிடுவேன். அப்போது நீதான் கடைசி. பசியோடு காத்திருக்க வேண்டும், சொல்லிவிட்டேன்.

ஆண்டவர் கை உன்மேல் இருக்கட்டும்.

உன்னைப் பெற்றவள்,
அம்மா