பச்சையாய் அறுத்த வயல்

பக்கத்து வீட்டில் இன்று காலை அவல் இடித்தார்கள். முற்றாத நெல்லை வறுக்கும்போது எழும் மணம், பாலும் புகையும் கலந்தது போன்றது, மதிலைத் தாண்டி வந்தது. சற்று நேரத்தில் ஒரு கிண்ணத்தில் எனக்கும் கொடுத்தனுப்பினார்கள். கிண்ணம் மேசைமேல் இருக்கிறது. நான் தொடவில்லை. இத்தனை வருடங்களில் உன்மேல் உள்ள கோபம் கொஞ்சமும் ஆறவில்லை என்பது அந்த மணம் வந்ததும் தெரிந்தது.

அது யுத்த காலம். பர்மா அரிசி கொழும்புக்கு வருவது நின்றுபோயிருந்தது. நெல் விளையும் ஊர்களைப் பற்றி எழுதி வரும்படி பத்திரிகை என்னை அனுப்பியது. எங்கள் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்த உன் தம்பி ஒரு கடிதம் கொடுத்தான். கடல் கடந்து, ரயில் ஏறி, ஆவடியில் இறங்கி, முத்தாபுதுப்பேட்டைக்கு அப்பால் இருந்த உன் வீட்டைக் கண்டுபிடித்து வந்து நின்றேன். மார்கழி மாதம். கடிதத்தைப் படிக்க உங்கள் வீட்டில் ஆள் இல்லை; நானே படித்துக் காட்டினேன்.

“எங்க தம்பிக்கு அண்ணன்னா எனுக்கும் அண்ணாத்தேதான். உள்ள வா” என்றாய். நான் உன்னைத் தங்கச்சி என்றேன். அந்த உரிமையில்தான் இப்போது ‘நீ’ என்று எழுதுகிறேன்.

என் பேச்சு உனக்கு வேடிக்கை. “இன்னா அண்ணாத்தே, எதுக்கெடுத்தாலும் ஓம் ஓம்ன்றே. மந்திரம் ஓதறியா, பதில் சொல்றியா?” என்று கேட்டு நீயே சிரிப்பாய். உன் புருஷன் அதிகம் பேசமாட்டார். “மச்சானுக்கு இன்னங் கொஞ்சம் போடு” என்பதுதான் அவர் பேச்சு.

பத்து நாள் இருந்தேன். நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். என் தொழில் அது. வயலில் சுண்ணாம்பு பூசிய மரமுளைகள் அடித்திருந்ததை எழுதினேன்; ரோடு வரப்போகிறது என்றாய். பாத்திரங்கள் குறைந்துகொண்டே போனதை எழுதினேன். வானகரத்தில் உறவுக்காரர் கல்யாணத்துக்கு இரவல் கொடுத்ததாகச் சொன்னாய். மாட்டுக் கொட்டகையின் ஓடுகளை இறக்கியதை எழுதினேன், மாற்றப்போவதாகச் சொன்னாய்.

ஆறாம் நாள் வயலில் அரிவாள் இறங்கியது. கதிர் இன்னும் பச்சை. பொங்கல் கழிந்து அறுக்க வேண்டியது என்று எனக்கே தெரிந்தது. ஏன் என்று கேட்டேன்.

“உனுக்கு அவல் இடிக்கத்தான் அண்ணாத்தே. பச்ச நெல்லு அவல் துன்னுருக்கியா நீ?”

நான் அதை நம்பினேன். ஒரு விருந்தாளிக்காக முழு வயலையும் யாராவது அறுப்பார்களா என்று கேட்கத் தோன்றவில்லை. அவல் நன்றாக இருந்தது.

எட்டாம் நாள், ஊரின் ஓரத்தில் கூடாரம் போட்டிருந்த பட்டாளத்தின் வெள்ளைக்கார அதிகாரி, வெளியூர்ப் பத்திரிகைக்காரன் வந்திருப்பதைக் கேள்விப்பட்டு என்னைத் தேநீருக்கு அழைத்தார். திரும்பி வந்தபோது நீ வாசலிலேயே நின்றாய்.

“தொர இன்னா கேட்டாரு?”

“இங்கத்தச் சனத்துக்குக் குறை ஏதும் உண்டோ, சொன்னால் கவனிக்கிறன் எண்டார்.”

“நீ இன்னா சொன்னே?”

“ஒரு குறையும் இல்லை, எல்லாரும் சந்தோஷமா இருக்கினம் எண்டு சொன்னன்.”

உன் புருஷன் உன்னைப் பார்த்தார். நீ அவரைப் பார்க்கவில்லை. “சரியாத்தான் சொல்லிக்கீறே. கை கழுவிகினு வா, அவலு ஆறுது” என்றாய்.

யுத்தம் முடிந்த பிறகுதான் மறுபடி வர முடிந்தது. அதுவரை உன் தம்பிக்கும் ஊரிலிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. உன் வீடு இருந்த இடத்தில் முள்வேலி. காவல்காரன் கிட்டே விடவில்லை. விசாரித்து விசாரித்து வானகரத்தில் ஒரு ஓலைக் குடிசையில் உன் புருஷனைக் கண்டேன். முந்தின மழைக்காலத்தில் காய்ச்சலில் நீ போய்விட்டதை அவர்தான் சொன்னார். மற்றதையும் சொன்னார்.

முதல் தடவை நான் வந்த மூன்றாம் நாளே நோட்டீசு வந்திருக்கிறது. நிலமும் வீடும் பட்டாளத்துக்கு வேண்டும், பத்து நாளில் காலி செய்ய வேண்டும் என்று. அதை மடியில் செருகிக்கொண்டு, படிக்கத் தெரிந்த என்னைத் தாண்டி, கரையான்சாவடிவரை நடந்து யாரிடமோ படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். விதை வாங்கப் போனதாக என்னிடம் சொன்னார். அதையும் நான் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

“பொங்கல் தாண்டிப் பத்து நாளு கெடு கெடச்சிருந்தா வெள்ளாமை ஊடு வந்துருக்கும் மச்சான். நீ அந்தத் தொரகிட்ட ஒரு வார்த்த சொன்னா கேப்பாருன்னேன். அவ ஒத்துக்கல. விருந்தாளி சோறு துன்னுகினு கீறச்சே ஊட்டுக் கஷ்டத்த எடுக்கக்கூடாது, எங்க ஊட்ல அப்படித்தான்னா. அவ அப்பன் செத்த சேதி வந்தன்னிக்கே, பந்தி முடியறமட்டும் பரிமாறிட்டுத்தான் அழுதா.”

பிறகு ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, நான் அனுப்பியிருந்த பத்திரிகைத் துண்டை எடுத்தார். என் கட்டுரை. விருந்தாளி வந்தால் கதிரைப் பச்சையாய் அறுத்து அவல் இடிப்பது இவ்வூர் வழக்கம் என்று அதில் அச்சாகியிருந்தது. தபால்காரர் வானகரத்துக்கே தேடி வந்து கொடுத்துப் படித்துக் காட்டினாராம். நீ சிரித்தாயாம். அண்ணாத்தே நல்லா எழுதிக்கீறாரு என்றாயாம்.

எது வழக்கம்? ஒரு வருடச் சோற்றை, முற்றும்வரை காத்திருக்க வழியில்லாமல் அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டு, அதில் ஒரு பிடியை எனக்கு இடித்துக் கொடுப்பதா? நான் உன் வீட்டில் இருந்தது உண்பதற்கு மட்டும்தானா? என்னை அண்ணன் என்றாய், அண்ணனிடம் சொல்லமாட்டாயா? சொல்லியிருந்தால் அந்த அதிகாரி கேட்டிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. கேட்காமலும் போயிருக்கலாம். ஆனால் கவனிக்கிறேன் என்று சொன்ன மனிதருக்கு எதிரே உட்கார்ந்து, சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று சொல்ல வைத்தாயே, அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? பத்து நாளும் கண்ணால் பார்த்து, கையால் எழுதி, ஒன்றும் விளங்காமல் இருந்த என்மேல் உள்ள கோபம் தனி. அதை உன் கணக்கில் சேர்க்கவில்லை.

அதன் பிறகு எந்த வீட்டில் எனக்கு இலை போட்டாலும், உட்காரும் முன் கேட்டுவிடுகிறேன்: இந்த வீட்டில் என்ன நடக்கிறது? மரியாதை தெரியாத விருந்தாளி என்று எனக்குப் பெயர். ஒரு வீட்டில் போட்ட இலையை எடுத்துவிட்டார்கள். வேறு சில வீடுகளில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்கள். சொன்னதை எழுதினேன். உன்னிடமிருந்து நான் கொண்டுவந்தது அந்த ஒரு கேள்விதான்.

கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க எழுந்திருக்கிறேன். வயலை ஏன் இத்தனை சீக்கிரம் அறுத்தீர்கள் என்று அந்த வீட்டில் கேட்க வேண்டும்.