உன்னுடையதைவிட ஒரு முழம் அகலம்

நேற்று வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் கண் அயர்ந்துவிட்டேன். சித்தூர் நெருங்கியதும் மாம்பழக் கூழ் கம்பெனியிலிருந்து தோல் புளிக்கிற வாடை வந்து எழுப்பியது. பக்கத்துச் சீட்டுக்காரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கு உன் நினைப்பு வந்தது. நீ செத்துப்போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் மாம்பழ சீசன் வந்தால் உன்னை நினைத்து எனக்கு வயிறு எரிகிறது. வேறு யாராவது உனக்கு எழுதினால் அன்பைச் சொல்லித் தொடங்குவார்கள். நான் உள்ளதைச் சொல்லித் தொடங்குகிறேன்.

அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு, ஒரே வாசலில் இரண்டு அடுப்பு வைத்தவர்கள் நாம். நான் மூத்தவள். தெருவில் வீட்டுக்கொருவர் குவைத்துக்குக் கிளம்பிய காலத்தில் என் வீட்டுக்காரரும் போனார். உன் வீட்டுக்காரரை நீ போகவிடவில்லை. நீங்கள் இருவரும் கூழ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தீர்கள். டின்னில் அடைத்த கூழ் அப்போதுதான் கப்பலேற ஆரம்பித்திருந்தது. என் வீட்டுக்கு டேப்ரிகார்டர் வந்தது, பூப்போட்ட கம்பளி வந்தது. ஊர்ப் பெண்கள் அதைத் தொட்டுப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். நானோ, சாயங்காலம் நீங்கள் இருவரும் ஒரே சைக்கிளில் வந்து இறங்குவதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன்.

அது போதாதென்று, சாணத்திலிருந்து அடுப்புக்கு வாயு எடுக்கிற கோபர் கேஸ் தொட்டி ஒன்றைக் கட்டினாய். வட்டக் குழி, அதன்மேல் கவிழ்த்த இரும்பு டிரம். போர் வற்றிக் கிடந்த வருஷம் அது. குடிக்கவே தண்ணீர் இல்லை, சாணம் கரைக்க எங்கே போவாள் என்று ஊர் சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். கம்பெனியில் பழம் கழுவி வெளியே விடுகிற தண்ணீரைக் கேனில் பிடித்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தாய். அதிலேயே சாணத்தைக் கரைத்து, தினம் ஒரு கூடை மாம்பழத் தோலும் போட்டாய். சில வாரத்தில் டிரம் மெல்ல மேலே எழும்பியது. அடுப்பு நீலமாக எரிந்தது. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அதில் டீ போட்டுக் கொடுத்தாய். எனக்குக் கொடுத்த டம்ளரை மாட்டுக் கழுநீரில் கொட்டினேன். அது உனக்குத் தெரியாது.

அந்த வாரமே குவைத்துக்குக் கேசட்டில் பேசி அனுப்பினேன். "உன் தம்பி வூட்ல கேஸ் எரியுது. நான் ஈர வெறக ஊதிக்கினு கிடக்கறேன். எனக்கும் ஒன்னு வேணும், அதவிட பெருசா வேணும்." கேட்டபடியே கட்டினேன். உன்னுடையதைவிட ஒரு முழம் அகலம். டிரம்முக்குப் பச்சை பெயின்ட் வேறு.

நீ வந்து சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாய். "அக்கா, சாணிதான் நெறைய போடணும். தோலு கொஞ்சமா போடுங்கோ. ஒரே தபா கொட்டினா புளிச்சிப்பூடும்."

என்னுடையது உன்னுடையதை மிஞ்சிவிடும் என்று பயப்படுகிறாய் என்று நினைத்தேன். தன்னைப் போலவே பிறரையும் நினைக்கிற புத்தி. கம்பெனிக்காரர்களே கழிவைக் கொட்ட இடமில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். டிரம்மை ஏற்றுவதற்கு முன்னால், அடியில் கொஞ்சம் சாணம் விட்டு, ஒரு டிராக்டர் தோலையும் கசடையும் வரவழைத்தேன். பாதி இறக்கியதும் டிரைவர் "சாலாம்மா?" என்று கேட்டார். போதாது, மொத்தத்தையும் கொட்டு என்று நானும் தெலுங்கிலேயே அதட்டினேன்.

டிரம் சீக்கிரமே எழுந்தது. தெருவையே கூப்பிட்டு வைத்துக்கொண்டு தீக்குச்சி கிழித்தேன். அடுப்பிலிருந்து காற்று புஸ்ஸென்று வந்து குச்சியை அணைத்தது. ஒரு பெட்டி குச்சி தீர்ந்தும் பற்றவில்லை. நாற்றம் மட்டும் தெருக்கோடி வரைக்கும் போனது. "குவைத் கேஸ் இப்டித்தான் போல" என்று எதிர்வீட்டுக்காரி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்கவில்லை. நீயும் சிரித்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் விடிந்ததும் வாளியோடு வந்து நின்றாய். "புளிச்சிக்கினு கீது, அவ்ளோதான். சரி பண்ணிக்கலாம்." பாதியை வாரி எருக்குழியில் போட வைத்தாய், சுண்ணாம்பு கரைத்து ஊற்றினாய். பிறகு உன் தொட்டிக் கரைசலை மொண்டு மொண்டு என் தொட்டியில் கொண்டுவந்து ஊற்றினாய். "பாலுக்கு ஒறை குத்தறாப்லதான்க்கா." நாற்பது வாளி. எப்போது சலித்துக்கொள்வாய் என்று பார்ப்பதற்காகவே எண்ணிக்கொண்டிருந்தேன். நீ சலித்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் வாரம் என் அடுப்பு எரிந்தது. அதே வாரம் உன் மகள் வயதுக்கு வந்தாள். எனக்கு மொண்டு கொடுத்ததில் குறைந்துபோன உன் தொட்டி இன்னும் தேறவில்லை. வீடு நிறைய உறவு, நீ விறகு வைத்துச் சமைத்தாய். ஊதி ஊதிக் கண் சிவந்து, முந்தானையால் துடைத்துக்கொண்டே சோறு வடித்தாய். என் அடுப்பை எரியவிட்டு, அதன்முன் உட்கார்ந்து எனக்கு மட்டும் காப்பி போட்டுக் குடித்தேன். வா, இங்கே வந்து ஆக்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு வயிறு குளிர்ந்தது. பல வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் குளிர்ந்தது.

போன மாதம் உன் மகள் பெங்களூரிலிருந்து வந்தாள். அவளிடம் மெல்லக் கேட்டேன், உங்கம்மா என்னைப் பற்றி எதனா சொல்லுமா என்று. ஒரு குறை, ஒரு வசவு வந்தால் போதும் என்றிருந்தது. அப்படி ஒன்று கிடைத்தால் நாம் இருவரும் சமமாகிவிடலாம்.

"சொல்லிக்கினே இருக்கும் பெரிம்மா. 'அக்கா கைராசிக்காரி, புருசன் கூட இல்லாம தனியா நின்னு தொட்டி கட்டிச்சி, நம்மளதவிட நல்லா எரியுது'ன்னும்."

நாற்பது வாளியை நீ பெற்ற மகளிடம்கூடச் சொல்லவில்லை. அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். வார்த்தை வாய்வரைக்கும் வந்தது. உன் மகள் முகத்தில் உன் சிரிப்பைப் பார்த்தேன், பழைய எரிச்சல் முந்திக்கொண்டது. "ஆமாம்மா, என் கைராசி" என்றேன்.